கடல் நடுவே ஒரு கிறிஸ்தவத் தாய்

வருகிற டிசம்பர் 8-ந் தேதி அமலோற்பவ மாதா திருநாள். 1958-ம் ஆண்டில் அதே திருநாளன்று, அயர்லாந்து தேசத்தின் தென்மேற்கு மூலையில் டிங்கிள் என்னும் சிறு பட்டணத்து ஆஸ்பத்திரியில், 85 வயதான ஒரு விதவைத் தாய் கண்மூடினார். கண்மூடினார் என்பது வழக்கச் சொல்லேயன்றி வேறில்லை. ஏனெனில் அந்தக் கண்களில் ஒளி போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் மடத்துக் கன்னிகையல்ல. பெரிய இடத்துப் பெண்ணுமல்ல. கடலோரத்துக் குடியானவன் மகள். மீன் பிடிப்பவன் மனைவி. தம் தாய்மொழியில் ஒரு வரி எழுதத் தெரியாதவர். ஆயினும் பல்லாண்டுகள் அந்நாட்டில் அவர் பெயரைக் கேள்விப்படாத பள்ளிப்பிள்ளை இருந்ததில்லை. பெக் சேயர்ஸ் அம்மையார் என்பது அவர் பெயர். பெக் என்றால் வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் மார்கரீத்தம்மாள் என்று அழைக்கிறோமே, அந்தப் பெயரின் ஐரிஷ் சுருக்கம்தான்.

அம்மையாரின் வாழ்க்கையைப் பங்கு மக்களுக்குச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் அவருடைய கீர்த்தியன்று. ஐம்பது வருஷ காலம் அவர் குடியிருந்த ஊரில் கோயிலும் இல்லை, குருவானவரும் இல்லை. கோயிலுக்கும் அவருக்கும் நடுவே கடல் கிடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் தன் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றினாள் என்பது, கோயில் மணி காதில் விழும் தூரத்தில் குடியிருக்கும் நமக்கு அறிய வேண்டியதாயிருக்கிறது.

1873-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கெரி ஜில்லாவின் மேற்குக் கோடியில், டன்குவின் ஊரைச் சேர்ந்த விக்கர்ஸ்டவுன் என்னும் குக்கிராமத்தில் பெக் பிறந்தாள். தகப்பனார் தாமஸ் சேயர்ஸ். தாயாரின் பெயரும் பெக்தான். அந்தத் தாய் பெற்ற பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மாண்டுபோனார்கள். முன்பு குடியிருந்த வென்ட்ரி பக்கத்தில் தங்களுக்கு அதிர்ஷ்டமில்லை என்று மனம் நொந்து, குடும்பத்தோடு டன்குவினுக்குக் குடிவந்தார்கள். எஞ்சிய பிள்ளைகள் நால்வர். அவர்களில் கடைக்குட்டி இந்தப் பெக்.

அயர்லாந்தில் 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் உண்டாயிற்று. சுமார் பத்து லட்சம் ஜனங்கள் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். ஏறக்குறைய அத்தனை பேரே கப்பலேறி அந்நிய தேசம் போனார்கள். பெக்கின் பெற்றோர் அந்தப் பஞ்சத்தைப் பார்த்த தலைமுறையினர். அவர்களுக்குப் பட்டினி என்பது கதையல்ல. ஆனால் தாமஸ் சேயர்ஸ் கதை சொல்லுவதில் கெட்டிக்காரர். இரவில் மரி செபமாலை முடிந்ததும் அண்டை வீட்டார் அடுப்படியில் வந்து உட்காருவார்கள். பழைய வீரர்கள் கதை, அர்ச்சியசிஷ்டர்கள் கதை, பிச்சைக்காரன் வேஷத்தில் வாசலுக்கு வரும் ஆண்டவருடைய கதை எல்லாம் விடியும்மட்டும் நடக்கும். மூலையில் உட்கார்ந்து ஒரு சொல் சிந்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் இந்தச் சிறுமி. பிற்காலத்தில் உலகம் அவளைத் தேடி வந்தது அந்த அடுப்படிச் செல்வத்துக்காகவே.

பள்ளிக்கூடத்துக்கும் போனாள். அக்காலத்தில் அயர்லாந்தில் பாடம் முழுவதும் இங்கிலீஷில். வீட்டில் பேசும் பாஷைக்கு அங்கே இடமில்லை. ஆகையால் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றாள். தன் தாய்மொழியான ஐரிஷை எழுத வாசிக்கக் கற்கவேயில்லை.

பதினான்கு வயதை ஒட்டி அவளுடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. தமையன் கலியாணம் செய்து மனைவியை அழைத்து வந்த பின், வீட்டில் மனஸ்தாபங்கள் வந்தன. நாத்தனாரும் மதினியும் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் நடப்பது நாம் அறியாததல்ல. பெக் டிங்கிள் பட்டணத்தில் கர்ரன் என்னும் கடைக்காரர் வீட்டுக்கு வேலைக்காரியாக அனுப்பப்பட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் வீட்டு வேலையும் அவள் பொறுப்பு. அந்த வீட்டார் நல்லவர்கள். அவளைத் தங்கள் பிள்ளையைப்போல் நடத்தினார்கள் என்று கடைசிவரைக்கும் நன்றியோடு சொல்லிவந்தாள். பிறகு உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பி, தேறியபின் மறுபடி வேறொரு குடியானவர் வீட்டில் வேலைக்கு நின்றாள். அங்கே வேலை கடினம், இரக்கம் குறைவு. அதைப்பற்றி இதற்குமேல் சொல்லவேண்டியதில்லை.

அவளுக்குக் கேத் என்று உயிர்த்தோழி ஒருத்தி. அமெரிக்காவுக்குக் கப்பலேறும்போது, தான் அங்கே சம்பாதித்துப் பெக்குக்கும் கப்பல் கூலி அனுப்புவதாகக் கேத் வாக்குக் கொடுத்தாள். பெக் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தத் தோழிக்கு அங்கே கையில் காயம் பட்டு வேலை செய்ய முடியாமல் போயிற்று. பணம் வரவில்லை, கடிதம் மட்டும் வந்தது. அந்தப் பணம் வந்திருந்தால் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் எங்கோ ஒரு வீட்டில் வேலைக்காரியாய் இருந்து, அங்கேயே மணமுடித்து, ஒருவரும் அறியாமல் மறைந்திருப்பாள். சர்வேசுரன் கதவை மூடுவதை நாம் உடனே புரிந்துகொள்வதில்லை. பெக்கும் புரிந்துகொள்ளவில்லை; வெகுநாள் அழுதாள்.

அக்காலத்தில் விபூதிப் புதனுக்கு முந்தின வாரங்கள்தான் அந்நாட்டில் கலியாண காலம். தபசுகாலத்தில் திருச்சபை அப்போது மெய்விவாகத்தை ஆடம்பரமாய் நிறைவேற்றியதில்லை. ஆகையால் அதற்குமுன் பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் அவசரமாய் நடக்கும். 1892-ம் ஆண்டில் அப்படிப்பட்ட ஒரு நாள் இரவு, மூன்று ஆண்பிள்ளைகள் சேயர்ஸ் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கப்படி போத்தல் திறந்தார்கள், பேச்சு நடந்தது. தகப்பனார் மகளைக் கூப்பிட்டு சம்மதம் கேட்டார். அவள் தகப்பனார் சித்தம் என்றாள். வேடிக்கை என்னவென்றால், வந்த மூவரில் மாப்பிள்ளை யார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அதே ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி பல்லிபெரிட்டர் கோயிலில் மெய்விவாகம் நடந்தது. மாப்பிள்ளை பாட்ரிக் ஓ குயீஹின். எதிரே கடலில் தெரிகிற பெரிய பிளாஸ்கெட் தீவைச் சேர்ந்த மீனவர். நல்ல மனுஷன் வாய்த்ததற்கு அம்மையார் பின்னாளில் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னதுண்டு. ஆனால் இம்முறையைப் புகழ்ந்து எழுத என் மனம் இடந்தரவில்லை. அது நல்லபடி முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை.

பதினெட்டு வயதில் மணப்பெண்ணாகப் படகேறினவர், அறுபத்தொன்பதாம் வயதில் தான் நிரந்தரமாகக் கரைக்குத் திரும்பினார்.

அந்தத் தீவைப்பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். டன்குவின் துறையிலிருந்து சுமார் மூன்று மைல் படகு வழி. நீளம் ஏறக்குறைய நான்கு மைல், அகலம் அரை மைலுக்குச் சற்று அதிகம். நடுவில் முதுகெலும்பைப்போல் ஒரு மலை. அதற்கு மேற்கே அமெரிக்கா வரைக்கும் வெறுங்கடல். காற்றுக்கு அஞ்சி மலைச்சரிவில் பாதி மண்ணுக்குள் பதித்துக் கட்டிய கல்வீடுகள். ஜனத்தொகை அதிகமாயிருந்த காலத்திலும் 200-ஐ எட்டவில்லை. மரம் கிடையாது. எரிக்கிறதற்கு மலையிலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியும், பிடுங்கிவந்த புதர்ச் செடியும். சாப்பாடு உருளைக்கிழங்கு, மீன், பால், கொஞ்சம் ஆட்டிறைச்சி. கடையில்லை, வைத்தியரில்லை. பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. கோயில் இல்லை.

அந்த ஜனங்கள் ஏறிச்சென்ற படகு நம் கட்டுமரத்தைப்போல் மரத்தாலானதல்ல. மெல்லிய மரச்சட்டங்களின்மேல் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டித் தார் பூசிய படகு. நாலு பேர் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவு இலேசு. அலையின்மேல் கடற்பறவையைப்போல் மிதக்கும். ஆனால் ஒரு கூரான பாறை பட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடல் அமைதியாயிருந்தால் தீவார் இந்தப் படகுகளில் புறப்பட்டு டன்குவின் கோயிலுக்குப் பூசை காணப் போவார்கள். நன்மை வாங்குகிறவர்கள் அக்காலத்துச் சட்டப்படி நள்ளிரவு முதல் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தக்கூடாது. வெறும் வயிற்றோடு மூன்று மைல் துடுப்பு வலித்து, துறையிலிருந்து செங்குத்தான பாதையில் ஏறிக் கோயில் சேரவேண்டும். பூசை முடிந்து வெளியே வரும்போது காற்றுத் திரும்பியிருந்தால் அன்று வீடு சேருவதும் நிச்சயமில்லை. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் கடல் கொந்தளிக்கும். அப்போது கடிதமும் இல்லை, பூசையும் இல்லை. அப்படிப்பட்ட ஞாயிறுகளில் திருச்சபை யாரையும் கடமைக்குக் கட்டுப்படுத்துவதில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். அறிந்திருந்தும், கரையில் பூசை நடக்கும் நேரத்தைக் கணக்கிட்டு ஒன்றாய்க் கூடிச் செபமாலை சொல்லுவார்கள். கடலுக்கு அப்பால் குருவானவர் எழுந்தேற்றம் செய்யும் வேளையில் இவர்கள் முழங்காலில் இருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சுவாமியார் தாமே படகேறித் தீவுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பூசை செய்வார். அன்றைக்கு அத்தீவில் பெருநாள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது முதல் எல்லாம் அந்த நாளைக் குறித்து நடக்கும்.

மற்ற நாட்களில் செபத்துக்கு அவர்களுக்குத் தனி நேரம் என்று ஒன்றிருந்ததாகத் தோன்றவில்லை. வேலையோடு செபமும் கலந்திருந்தது. ஐரிஷ் மொழியில் ஒருவரையொருவர் சந்தித்து வணங்கும் சொல்லிலேயே ஆண்டவர் பெயர் உண்டு. பதில் சொல்லுகிறவர் அதோடு தேவமாதாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அடுத்த வீட்டுக்குள் நுழையும்போது அங்குள்ளவர்களுக்கு ஆண்டவர் ஆசீர் கேட்காமல் நுழைவது மரியாதையல்ல. இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடும்போது ஒரு செபம். மறுநாள் ஊதி எழுப்பும்போது ஒரு செபம். படுக்கைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று. இவற்றில் பல எந்தப் புத்தகத்திலும் அச்சானவையல்ல, பாட்டி வாயிலிருந்து பேத்தி கற்றவை. அம்மையாருக்கு இப்படிப்பட்ட செபங்கள் ஏராளம் தெரியும். இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த மொழியில் பெண்களுக்கு மரியம்மாள் என்று பெயரிடும்போது ஒரு வடிவமும், தேவமாதாவைச் சொல்லும்போது வேறொரு வடிவமுமாக வழங்குகிறார்கள். மாதாவின் பெயருடைய அந்த வடிவத்தை மனுஷருக்குச் சூட்டுவது வழக்கமல்ல.

அம்மையார் பதினொரு பிள்ளைகளைப் பெற்றார். ஆறு பேரே வளர்ந்து ஆளானார்கள். வைத்தியர் கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாய்க்கு எப்படியிருக்கும் என்று தாய்மார்கள் எண்ணிப்பார்க்கட்டும். ஆனால் அவருக்கு வந்த எல்லாச் சிலுவைகளிலும் பெரியது 1920-ம் ஆண்டில் வந்தது.

கணவர் நோயாய்ப் படுக்கையில் கிடந்தார். வாலிப மகன் தாமஸ் அடுப்புக்குப் புதர்ச்செடி பிடுங்க மலைக்குப் போனான். கடலுக்கு நேர்மேலே இருந்த சரிவில் ஒரு புதரைப் பற்றி இழுத்தபோது, அது வேரோடு கையில் வந்தது. பல நூறு அடிக் கீழே விழுந்தான். தேடிப்போனவர்கள் கடல் சூழ்ந்த ஒரு தட்டைப் பாறையின்மேல் அவன் உடல் கிடக்கக் கண்டார்கள். படகில் கொண்டுவந்து தாயின் வீட்டில் கிடத்தினார்கள்.

தலை நொறுங்கிப்போயிருந்தது. சாதாரணமாய்ப் பிரேதத்தைக் கழுவி உடுத்துவது ஊர்ப் பெரிய பெண்களின் வேலை; பெற்ற தாயை அதில் கைவைக்க விடுவதில்லை. அன்றைக்கு அந்தக் கோலத்தைப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அம்மையார் தேவமாதாவை மன்றாடினார். சிலுவையடியில் தன் குமாரனைக் கையேந்தினவளன்றி இதற்கு உதவி செய்யத்தக்கவர் யார்? பிறகு எழுந்து தம் கையாலேயே மகனுடைய முகத்தைக் கழுவி, நொறுங்கிய தலையைச் சீராக்கி, உடுத்தி, மற்றவர்கள் பார்க்கத்தக்கதாய்க் கிடத்தினார். படுக்கையில் கிடந்த கணவருக்கு ஆறுதல் சொல்லவேண்டியவரும் அவரே. தீவில் இறப்பவர்களைப் படகில் ஏற்றிக் கரையில் அடக்கம் செய்வதே வழக்கம். அப்படியே தாமஸும் பெட்டியில் கடல் தாண்டிப் போனான்.

அம்மையாரை இளக்காரமாய்ப் பேசினவர்கள் உண்டு. எதற்கெடுத்தாலும் ஆண்டவர் சித்தம் என்று சொல்லித் தலைகுனிகிற கிழவி என்று நகரத்துப் படிப்பாளிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அந்த ஒரு நாளைக் கவனித்து வாசிக்கவில்லையோ என்று எனக்கு ஐயம். ஆண்டவர் சித்தம் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காரவில்லை அந்தத் தாய். தண்ணீர் எடுத்துவைத்து வேலையைத் தொடங்கினார். அழாமலும் இல்லை. அந்தத் துக்கம் கடைசிவரைக்கும் ஆறவில்லை என்பதைத் தம் சரித்திரத்தில் அவர் மறைக்கவேயில்லை.

சில வருஷத்துக்குள் கணவரும் போய்ச்சேர்ந்தார். உயிரோடிருந்த பிள்ளைகளோ ஒருவர் பின் ஒருவராய் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். பிளாஸ்கெட் தீவார் பெரும்பாலும் போய்ச்சேர்ந்த இடம் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு பட்டணம். பிள்ளை கப்பலேறுவதற்கு முந்தின இரவு, அயர்லாந்துக் குடும்பங்களில் சாவு வீட்டைப்போலவே இரா முழுதும் விழித்திருப்பார்கள். திரும்பப் பார்க்கப்போவதில்லை என்று இரு தரத்தாருக்கும் தெரியும். இந்த இரவுகள் அம்மையாரின் வீட்டில் திரும்பத் திரும்ப வந்தன. கடைசியாய் மைக்கேல் என்னும் மகனும் போனான். ஆனால் அமெரிக்காவில் அப்போது வேலையில்லாத் திண்டாட்டம், உடம்பும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தாயிடமே திரும்பி வந்துவிட்டான். ஊர் அவனைக் கவிராயன் மைக்கேல் என்று அழைத்தது. தாய்க்கு எழுத வராத எழுத்து அவனுக்கு வரும்.

இனி அவருடைய கீர்த்தி எப்படி வந்தது என்று பார்ப்போம். ஐரிஷ் மொழி அழிந்துகொண்டிருந்த காலம் அது. அதன் சுத்தமான பேச்சு எஞ்சியிருந்த சில இடங்களில் பிளாஸ்கெட் தீவு ஒன்று. ஆகையால் கல்விமான்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கையெழுத்துப் பிரதிகளைக் கவனித்துவந்த ராபின் பிளவர் 1910 முதல் தீவுக்கு வந்துபோனார். அம்மையார் வாய்திறந்து பேசினால் பெரிய பேச்சாளியின் அழகு அதில் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர். தீவிலேயே வேறு இருவர் எழுதிய நூல்களும் வெளிவந்தன. தாமஸ் ஓ கிரோஹன் என்னும் முதியவருடைய நூல் 1929-லும், மோரிஸ் ஓ சல்லிவன் என்னும் இளைஞருடைய நூல் 1933-லும் அச்சாயின. டப்ளினிலிருந்து வந்த மாய்ரே நீ கினேடே என்னும் ஆசிரியை, ஒரு பெண்ணின் சரித்திரமும் வரவேண்டும் என்று அம்மையாரை வற்புறுத்தினார். அம்மையார் சொல்ல, மகன் மைக்கேல் எழுத, அந்த ஆசிரியை பதிப்பிக்க, 1936-ல் டப்ளினில் புத்தகம் வெளிவந்தது. பெக் என்பதே அதன் பெயர். 1939-ல் கிழவியின் சிந்தனைகள் என்று பொருள்படும் இரண்டாம் நூல் வந்தது. தாய்மொழியை எழுத்தில் அறியாத ஒரு தாய், அந்த மொழியின் உயர்ந்த நூல்களில் ஒன்றுக்கு ஆசிரியையானார்.

அத்தோடு நிற்கவில்லை. அயர்லாந்து அரசாங்கம் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்க ஒரு சபையை நியமித்திருந்தது. அதன் சேகரிப்பாளரான ஜோசப் டேலி, மெழுகு உருளையில் குரலைப் பதிவுசெய்யும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு அம்மையாரிடம் வந்தார். தகப்பனார் அடுப்படியில் கேட்டு மனதில் வைத்திருந்த கதைகளில் 350-க்கும் மேற்பட்டவற்றை அவர் பதிவுசெய்தார். ஒரே ஞாபகத்தில் அடங்கியிருந்தவை, எழுதி முடித்தபோது ஆயிரக்கணக்கான பக்கங்களாயின.

முதல் புத்தகத்தைப்பற்றி ஒரு குறை சொல்லாமலிருக்க முடியாது. மகன் எழுதியபோதும் பதிப்பித்தபோதும், தாயின் துக்கமும் பக்தியும் பெரிதாய்த் தெரிய, அவருடைய சிரிப்பு அகப்படாமல் போயிற்று. நேரில் கண்டவர்கள் சொல்லும் அம்மையார் வேறு. கையில் சுங்கான், வாயில் பரிகாசம், யாரையும் மயக்கும் பேச்சு. கேட்கிறவர்களைச் சிரிக்கவைத்து அடுத்த கணமே அழவைப்பார். வாலிபர்களுக்கு அவர் வீட்டு அடுப்படியைவிட இனிய இடம் தீவில் வேறில்லை. அந்தப் புத்தகம் பிற்பாடு பல்லாண்டுகள் அயர்லாந்துப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாயிருந்தது. பரீட்சைக்கு அழுது வாசித்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாய் அவரை வெறுத்தார்கள் என்றும் சொல்லவேண்டும். நல்ல புத்தகத்தைக் கெடுக்க அதைப் பரீட்சைக்கு வைத்தால் போதும் போலும். 1990-களில் அந்தக் கட்டாயம் நீங்கியபின், அவரைத் தாமாக வாசிக்க வருகிறவர்கள் உண்டு.

தீவு மெல்ல மெல்ல வெறுமையாயிற்று. வாலிபர்கள் போய், கலியாணங்கள் நின்று, ஞானஸ்நானங்கள் நின்றன. பிள்ளைகள் இல்லாமல் 1941-ல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அம்மையாரும் மைக்கேலும் தீவைவிட்டுக் கரைக்கு வந்து, தாம் பிறந்த விக்கர்ஸ்டவுனில் குடியேறினார்கள். அவருக்கு அது சந்தோஷமோ துக்கமோ, இரண்டும் கலந்ததோ. ஐம்பது வருஷங்களுக்குப்பின் கோயிலுக்கு நடந்து போகிற வழியிலே வீடு வாய்த்தது. ஆனால் கடலுக்கு அப்பால், அவர் பிள்ளை பெற்ற ஊர் எதிரில் தெரிந்துகொண்டே இருந்தது.

1946-47 குளிர்காலத்தில் தீவில் ஓர் இளைஞனுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. புயல் அடித்துக்கொண்டிருந்தது. வைத்தியராலும் போகமுடியவில்லை, குருவானவராலும் போகமுடியவில்லை. அவஸ்தைப்பூசுதல் பெறாமல் அந்தப் பிள்ளை இறந்தான். அதுவரை எதையும் தாங்கிக்கொண்ட தீவார் அதைத் தாங்கவில்லை. தங்களைக் கரைக்கு எடுத்துக்கொள்ளும்படி அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டார்கள். 1953 நவம்பர் மாதம் எஞ்சியிருந்த 22 பேரும் கரையேற்றப்பட்டார்கள். அதன்பின் அந்தத் தீவில் ஊரில்லை. அம்மையார் அதைக் கேட்டு அறியும்படி உயிரோடிருந்தார்.

அப்போது அவருக்கு வயது எண்பது. பார்வை போய்விட்டது, உடம்பில் நோய் மிகுந்தது. கடைசி வருஷங்களைப் பெரும்பாலும் டிங்கிள் ஆஸ்பத்திரியில் கழித்தார். சிறுமியாய் வேலைக்கு வந்த அதே டிங்கிள். அங்கேயும் அவரைத் தேடி ஜனங்கள் வந்தார்கள்; கதை கேட்டார்கள்; குரலைப் பதிவுசெய்துகொண்டு போனார்கள். அந்தக் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. கண் தெரியாத கிழவியின் குரல் என்று யாரும் நினைக்கமாட்டார்கள், அவ்வளவு திடமாயிருக்கிறது.

1958 டிசம்பர் 8-ந் தேதி அவர் ஆத்துமம் பிரிந்தது. அமெரிக்காவிலிருந்த பிள்ளைகளுக்குச் செய்தி கடல் தாண்டிப் போனது. தாயோடு கடைசிவரை இருந்த மைக்கேல், தன் பங்குக்குச் செய்யுள்களும் கதைகளும் எழுதிவிட்டு 1974-ல் இறந்தார்.

அம்மையாரை டன்குவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1969-ல் அங்கே அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. தோட்டம் கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. அங்கே நின்று மேற்கே பார்த்தால் மூன்று மைல் தண்ணீருக்கு அப்பால் தீவும், வானம் தெளிந்த நாளில் சரிவிலே கூரையில்லாமல் நிற்கும் வீட்டுச் சுவர்களும் தெரியும்.